பட்டை ஏற்றுவதற்கு முன்னால்

பிக்கப் வண்டி மண்பாதையில் தூக்கிப் போடுகிறது என்றதும் பட்டறையில் கிடைக்கும் முதல் யோசனை, பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுவிடலாம் என்பதுதான். செலவு குறைவு, வண்டியும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பட்டை எடையைத் தாங்குமே தவிர ஆட்டத்தை அடக்காது. அது ஷாக் அப்சார்பரின் வேலை. செங்கலோ தேங்காயோ இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, இறுகிய பட்டை வளையாமல் ஒவ்வொரு குழியையும் சேசிஸுக்கே அனுப்புகிறது. டயர் தரையை விட்டு எழும்பும் நொடியில் பிரேக்குக்கும் பிடிப்பில்லை.

ஆகவே முதலில் ஷாக்கைப் பாருங்கள். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால், டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் ஷாக்கின் கதை முடிந்தது. அலையலையான மண்சாலையில் நெடுநேரம் ஓடினால் உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறி நுரைத்து, அடக்கும் வலு குறையும். கேஸ் ஷாக்கில் அழுத்தம் இருப்பதால் நுரை குறைவு. கூடுதல் காசு அதற்குத்தான்.

‘லோடு அடிக்கிறவனுக்குப் பட்டை இல்லாமல் முடியுமா?’ என்பார்கள். எப்போதும் பாரத்தோடே ஓடும் வண்டிக்கு அது நியாயம். ஆனால் பட்டை கூடினால் அச்சும் பிரேக்கும் வலுத்துவிடாது, ஆர்.சி.யில் உள்ள எடை அப்படியேதான். போதாததற்கு, சில பிக்கப்களில் பின்புற உயரத்தைப் பொறுத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. வண்டி உயர்ந்தால், பாரம் ஏற்றியும் அந்த வால்வு அதைக் காலி வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். பட்டை போட்டே தீரவேண்டும் என்றால், அந்த வால்வையும் சரிசெய்யச் சொல்லி, கூடவே நின்று பார்த்து வண்டியை எடுங்கள்.