ஒரு சாண் துரு

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் அதிகம். அதனால் ஹைட்ராலிக் பட்டறைகளும் அதிகம். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுத் திரும்பும் ரிக் வண்டிகளின் சிலிண்டர்கள் அங்கே சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அப்படியொரு பட்டறைக்கு நான் போயிருந்த காலையில், ரிக்குகளுக்கு நடுவே ஒரு டிராக்டர் வந்து நின்றது. முன்னால் லோடர் பூட்டிய வண்டி. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் எரு அள்ளி லாரியில் கொட்டுவது அதன் வேலை. பக்கெட்டைக் கவிழ்க்கும் இரண்டு சிலிண்டர்களில் இடது பக்கத்தது, எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் சீல் போய், ஒழுகிக்கொண்டிருந்தது. எண்ணெயும் எருத்தூசியும் குழைந்து சிலிண்டரிலிருந்து நீண்டு வரும் ராடு முழுக்கக் கருஞ்சேறாக அப்பியிருந்தது.

"சீலை மட்டும் மாத்தி விட்ருங்க மேஸ்திரி. சாயங்காலம் லோடு இருக்குதுங்க" என்றார் வண்டிக்காரர்.

"போன தடவை மாத்துன சீல் எத்தனை நாள் தாங்குச்சுங்க?"

"ரெண்டு மாசங்கூட ஆகலீங்க."

"அப்ப, ஏன் போச்சுன்னு பாத்துட்டு மாத்தலாமுங்க."

அறுபதை ஒட்டிய வயது மேஸ்திரிக்கு. பக்கெட்டைத் தரையில் படிய இறக்கச் சொன்னார். இன்ஜினை நிறுத்தியபின் லீவர்களை இப்படியும் அப்படியும் நாலு தடவை ஆட்டி, குழாய்களில் தங்கிய அழுத்தத்தை வடித்தார். அதன்பிறகுதான் ஸ்பேனர் கைக்கு வந்தது. இந்த சிலிண்டரின் உள்விட்டம் 63 மில்லிமீட்டர். எண்ணெய் 175 பார் அழுத்தத்தில் தள்ளும்போது, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த பிஸ்டன் சுமார் ஐந்தரை டன் விசையோடு நகரும்.

ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கையை வைத்துத் தேடக் கூடாது என்பது பட்டறையில் சேரும் பையன்களுக்கு முதல் நாள் பாடம். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். அதனால் இங்கே கசிவைத் தேடுவதற்கென்றே அட்டைத் துண்டுகளை வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

சிலிண்டரை பெஞ்ச் வைஸில் பிடித்து, மிச்ச எண்ணெயை வாளியில் வடித்தார்கள். சிலிண்டரின் வாயை மூடும் கிளாண்டு இறுகிப்போயிருந்தது, அதைச் சங்கிலி ரெஞ்ச் போட்டு இருவர் சேர்ந்து திருகினார்கள். ராடு வெளியே வந்ததும் மேஸ்திரி டீசலில் நனைத்த துணியால் அதைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை அதன்மேல் மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் நகம் தட்டியது. "இங்க பாருங்க" என்றார்.

ராடின் மேல்புறத்தில் மட்டும், பின் மாட்டும் கண்ணிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, கேழ்வரகு சிந்தினாற்போலத் துருப்புள்ளிகள்.

"வேலை முடிஞ்சா வண்டிய எப்படி நிறுத்துவீங்க?"

"பக்கெட்டை முன்னால கவுத்து நிறுத்துவேனுங்க. எரு ஒட்டாம உதுந்துரும், மழைத்தண்ணியும் நிக்காது."

பக்கெட் கவிழ்ந்தால் ராடு வெளியே நீளும். அப்படி நீண்ட நிலையில் ஒரு சாண் அளவுக்கு இரவெல்லாம் திறந்து கிடந்திருக்கிறது. மேல்புறத்தில் கோழி எரு படிந்திருக்கிறது. ராடின் மேலுள்ள கடின குரோம் பூச்சு 20 முதல் 25 மைக்ரான்தான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. குரோம் எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் அதில் இயல்பாகவே நுண்விரிசல்கள் உண்டு. எருவின் ஈரமும் உப்பும் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள எஃகைத் தின்றுவிட்டன. மேலே பூச்சு உதிர்ந்து குழி விழுந்தது. ராடு உள்ளே போய் வரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழிகளின் விளிம்பு சீலின் உதட்டை அரம்போல ராவியிருக்கிறது.

மேஸ்திரி எழுந்துபோய் வலது பக்க ராடையும் துடைத்துப் பார்த்தார். அதே இடத்தில் அதே புள்ளிகள். அங்கே சீல் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

லேசான கீறலாக இருந்தால் நைஸ் எமரி போட்டுத் தேய்த்தே சரிசெய்திருப்பார்கள். குழி விழுந்ததால் இரண்டு ராடும் புதிதாக வேண்டும். வண்டிக்காரர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு போனை எடுத்து, சாயங்கால லோடுக்கு வேறு வண்டி சொன்னார். லேத்தில் குரோம் ராடு ஏறியது. முனையில் மரை வெட்டி, பழைய ராடின் கண்ணை அறுத்துப் புதியதில் பற்றவைத்தார்கள். சிலிண்டரின் பேரலுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது கோடு ஏதும் இல்லை, உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் தேவைப்படவில்லை.

சீல் போடும் வேலையை மேஸ்திரி யாரிடமும் விடவில்லை. பாலியூரிதேன் வளையத்தை வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைத்து, முந்திரிப்பருப்புபோல வளைத்து, கிளாண்டின் காடிக்குள் நழுவவிட்டார். அதன் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் தள்ளலிலேயே ஒழுகும். மரையின் கூர்மை சீலைக் கிழித்துவிடாதபடி அதன்மேல் டேப் சுற்றிய பிறகே ராடைக் கிளாண்டுக்குள் செலுத்தினார்.

அந்த உதட்டுக்கு வயது இருநூறைத் தாண்டும். லண்டனில் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றபோது அவரைப் படுத்தியதும் இதே ஒழுகல்தான். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, தோலைக் கிண்ணம்போல வளைத்துப் பொருத்தித் தீர்வு கண்டார் என்று சொல்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற, தோல் விரிந்து சுவரோடு இன்னும் இறுகும். நம் வீட்டு சைக்கிள் பம்பில் இருக்கும் தோல் வாஷரும் அப்படித்தான் காற்றைப் பிடிக்கிறது.

மறுநாள் மாலை சிலிண்டர்கள் வண்டியில் ஏறின. வண்டிக்காரர் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, வெறும் பக்கெட்டைப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்தினார். உள்ளே சிக்கிய காற்று டேங்க் வழியே வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் அது சூடேறிப் புது சீலையே கருக்கிவிடும். எண்ணெய் மட்டம் இறங்கியது, ஊற்றினார்கள். பிறகு பட்டறை ஓரத்து மண்மேட்டிலிருந்து முழு பக்கெட் அள்ளினார்கள். இன்ஜின் நின்றதும் மேஸ்திரி வெள்ளைத் துணியால் ராடைத் துடைத்துக் காட்டினார். மெல்லிய ஈரத்தடம் மட்டும் இருந்தது. ராடு வழுக்கி ஓட அந்த ஈரம் வேண்டும், சொட்டு விழக் கூடாது.

"இனி கூரையடில நிறுத்துங்க. பக்கெட்டைக் கழுவி, நிமித்தி, தரைல படிய வெச்சிருங்க."

வண்டி கிளம்பி, எதிர்ப்புறத்து டீக்கடை ஓரம் நின்றது. பக்கெட் நிமிர்ந்து தரையில் படிந்திருந்தது. இரண்டு ராடும் உள்ளே போயிருந்தன.