அல்லிக் கதையின் கடைசிப் பக்கம்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒற்றைத் தண்டவாள ரயிலில் ஏறியமர்ந்து, நிலையங்களின் பெயர்களைச் செவிமடுத்தபடி செல்பவர், கையில் நூலொன்றும் இன்றியே ஒரு நூலகத்தின் ஊடே பயணம் செய்தவராவர். முதலில் வருவது துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையான காலத்தில், 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டம் வாங்க முற்பட்ட பெரியவர் அவர். அடுத்தது மகாராஜாலேலா; 1875 ஆம் ஆண்டில் பேராக்கில் ஆங்கில ரெசிடெண்டு பெர்ச்சு கொலையுண்டதற்காகத் தூக்கிலிடப்பட்டவர். அதற்கடுத்தது ஹங் துவா. அவர் மண்ணில் வாழ்ந்தாரா, கதையில் மட்டுமே வாழ்ந்தாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவர் பெயரால் வழங்கும் மலாய்க் கதை நூலோ அவரை மலாக்காவின் தூதராக விசயநகரத்துக்கே அனுப்பிவைக்கிறது. இன்னும் சில நிலையங்கள் கடந்தால் ராஜா சூலான். மெய்யான வரலாறும், பாதி வரலாறும், முழுக் கற்பனையும் ஒரே தண்டவாளத்தின்மேல் வரிசையாக நிற்க, சீட்டு வாங்கியவர் எல்லாம் எதையும் எண்ணாமல் இறங்கிப் போகின்றனர். நாமும் பல ஆண்டுகள் அவ்விதமே இறங்கிப் போனோம்.

கோலாலம்பூரில் ராஜா சூலான் என வழங்கும் சாலை, 1933 ஆம் ஆண்டில் மறைந்த பேராக் அரச குடும்பத்துப் பெருமகன் ஒருவரின் பெயரால் ஏற்பட்டது. ஆனால் அப்பெயரின் வேரைத் தேடப் புகுந்தால், செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் நூலின் வாயிலில் போய் நிற்போம். துன் ஸ்ரீ லானாங் என்னும் பண்டாகரா 1612 ஆம் ஆண்டில் தொகுத்தார் என மரபு கூறும் அந்நூலில், இந்திய நாட்டிலிருந்து பெரும்படையுடன் கிழக்கே வரும் அரசன் ஒருவன் இருக்கிறான். பிரதிக்குப் பிரதி பெயர் மாறி, ஒன்றில் ராஜா சுரான் எனவும் மற்றொன்றில் ராஜா சூலான் எனவும் வருகிறான். சோழன் என்னும் சொல்லே இவ்வாறு திரிந்ததெனக் கருதும் ஆராய்ச்சியாளர் பலர்.

அவ்வரசன் சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசிக் கரையில் தங்குகிறான். செய்தியறிந்த சீன அரசன் படை அனுப்பவில்லை. ஒரு பழங்கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும், பல்லுதிர்ந்த கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டதற்கு, தாங்கள் புறப்படுகையில் பன்னிரண்டு வயதுப் பாலகர் என்றும், இம்மரங்களின் விதையைக் கப்பலிலேயே தாங்கள் ஊன்றினர் என்றும், இவ்வூசிகள் அப்போது கைப்பருமன் கொண்ட இரும்புத் தடிகள் என்றும் கிழவர்கள் விடை சொல்கின்றனர். அரசன் மலைத்துத் திரும்புகிறான். ஒரு துளி இரத்தமின்றி ஒரு போரை முடித்த இக்கதையை எழுதியவனின் குறும்பை நினைக்குந்தோறும் நமக்குச் சிரிப்பு வருவதுண்டு. சீனம் போக முடியாத அவ்வரசன், கடலின் அடியையாவது காண்போம் என்று கண்ணாடிப் பேழையொன்றில் புகுந்து ஆழியில் இறங்கி, கடலரசன் மகளை மணந்து மூன்று மக்களைப் பெற்று, கடற்குதிரையேறிக் கரை திரும்புகிறான். அம்மக்கள் பின்னொரு நாள் பாலெம்பாங்கில் செகுந்தாங் மலைமேல் தோன்ற, அவ்விரவே அங்குள்ள நெற்பயிர் பொன்னாகிறது. மலாக்காச் சுல்தான்கள் தம் குலமுறையைத் தொடங்குவது அந்த மலையிலிருந்தே.

இதையெல்லாம் நாம் முதன்முதலில் வாசித்தது ஆங்கிலத்தில். ஜான் லேடன் என்பார் பெயர்த்து, அவர் மறைந்தபின் 1821 ஆம் ஆண்டில் இராஃபில்சின் முன்னுரையுடன் இலண்டனில் வெளிவந்த பெயர்ப்பு அது. நாம் பயின்றது ஆங்கிலப் பள்ளி. ஆர்தர் மன்னன் கல்லிலிருந்து உருவிய வாளும், யுலிசீசு பத்தாண்டு அலைந்த கடலும், டோல்கீன் 1937 ஆம் ஆண்டில் எழுதிய குறுமனிதரின் வளைவீடும் நமக்குப் பாடமாயிருந்தன. கடாரம் என்னும் சொல் எவ்வாசிரியர் வாயினின்றும் வந்ததில்லை. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க நாம் கற்றது மீசை அரும்பிய பிறகு. ஆகவே தோட்டத்து ஆபீசில் மழைநாட்களில் வேலை ஓயும் நேரத்தில், கெடாவே கடாரம் என்று ஓர் ஆங்கில நூலில் கண்டபோது, நம் வீட்டுத் திண்ணையில் புதையல் இருப்பதை அயல்வீட்டார் வந்து சொல்லக் கேட்டவர்போல் ஆனோம்.

பின்னர் தேடித் தேடி வாசித்தோம். முதலாம் இராசராசன் காலத்தில், 1006 ஆம் ஆண்டளவில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்ப, சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை விட்டுக் கொடுத்தான். லெய்டன் பட்டயங்கள் எனப்படும் செப்பேடுகள் இதற்குச் சான்று. இருபது ஆண்டும் நிறையவில்லை. அவன் மகன் இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டில் கப்பற்படை செலுத்தி, அதே கடாரத்து அரசனின் குலத்தை வென்றான். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் என அவன் மெய்க்கீர்த்தி பத்துக்கு மேற்பட்ட ஊர்களை அடுக்குகிறது. அப்பெயர்களையும் சீனக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தே ஜார்ஜ் செதே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1918 ஆம் ஆண்டில், உலகம் மறந்துவிட்ட ஸ்ரீவிசயப் பேரரசைப் பாலெம்பாங்கில் கண்டுபிடித்தார். கதைநூலில் கடலரசனின் பேரர்கள் தோன்றும் மலையும் அதே பாலெம்பாங்கில் இருப்பதை அன்பர்கள் கவனிக்க. ஹோமரின் காவியத்தை நம்பி 1870 இல் மண்ணைத் தோண்டிய ஷ்லீமன் திராய் நகரை எடுத்த செய்தி ஆங்கிலப் பள்ளியில் நமக்கு மனப்பாடம். செதேயின் பெயரை அங்கு எவரும் சொன்னதில்லை.

இங்கே நம்மவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வனையும், அகிலனின் வேங்கையின் மைந்தனையும், சாண்டில்யனின் கடல் புறாவையும் கரைத்துக் குடித்த இளைஞர் சிலர், இந்நாட்டைச் சோழன் நூற்றாண்டுக்கணக்கில் ஆண்டான் என்று கிள்ளான் காப்பிக்கடைகளில் மேசையைத் தட்டிப் பேசக் கேட்டிருக்கிறோம். அந்நாவல்களை நாமும் இரவு கண்விழித்துப் படித்தவரே. அவற்றின்மேல் நமக்குக் குறையில்லை. நாவலை நாவலென்று படியாததே குறை. வீரராசேந்திரன் 1068 ஆம் ஆண்டளவில் மீண்டும் கடாரத்தை வென்று, அதை அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. வந்து அடித்தார்கள், வணிகத்தின் வழியைத் திறந்துகொண்டார்கள், போனார்கள். அவர்களுக்குப்பின் தங்கியவர்கள் வணிகர். 1088 ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாருசில் தமிழ்க் கல்வெட்டு நாட்டிய ஐந்நூற்றுவரைப் போன்றார்.

அன்றியும், நம்முள் எத்தனை பேரின் முன்னோர் இராசேந்திரனின் மரக்கலத்தில் வந்தனர்? ஒப்பந்தக் கூலியாகவும், 1910 இல் அம்முறை ஒழிந்தபின் கங்காணியின் ஆளாகவும், ரஜூலா போன்ற கப்பல்களின் தளத்தில் மூட்டையோடு மூட்டையாகவும் வந்தவர்களுக்கு மெய்க்கீர்த்தி பாடியவர் யார்? இக்கேள்விக்கு நம் வீட்டிலேயே ஒரு விடை இருந்தது. அதை நாமே தொலைத்தோம்.

நம் அன்னையின் தந்தையார் ரப்பர் மரம் சீவியவர். தகப்பனார் வைத்துப்போன தகரப் பெட்டியொன்று அவரிடம் இருந்தது. அதனுள் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை முதலிய ஏழெட்டு நூல்கள். மாலையில் லயத்து வாசலில் விளக்கேற்றி அவர் இராகமாக வாசிக்க, பக்கத்து லயங்களின் பெண்டிரும் வந்து உட்காருவார்களாம். ஆணொருவனும் வேண்டாது பெண்களைக்கொண்டே மதுரையை ஆண்ட அல்லியின் கதைக்கே கூட்டம் அதிகம். ஆயினும் அருச்சுனன் பாம்பு வடிவெடுத்து அவள் படுக்கையில் புகும் இரவு வரும்போது, மரம் சீவும் அப்பெண்கள், "அதைத் தள்ளி வாசிங்க" என்று ஒருமுகமாய்ச் சொல்வார்களாம். பாட்டனாரும் தள்ளிவிடுவாராம். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் ஒரு புராணத்துக்குச் செய்த திருத்தம் அது. நம் சீர்திருத்த மேடைகளில் இதனினும் சிறந்த விமரிசனத்தை நாம் கேட்டதில்லை.

ஆனால் இருபது வயதில் இந்த ஞானம் நமக்கு ஏது? 1929 ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. பினாங்கில் வந்திறங்கி ஈப்போவில் தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்த வரலாற்றையும், அவர் பேச்சுகளையும் புதிதாய்ப் படித்துத் தலை சூடேறியிருந்த காலம். புராணம் பொய், ஆதலால் புத்தகம் குப்பை என்பது நம் கணக்கு. முற்பாதி இன்றும் நமக்கு உடன்பாடே. சாதிக்கும் சடங்குக்கும் சான்று காட்டப் புராணத்தைத் தூக்கி வருபவரோடு நமக்கு இன்றும் சண்டைதான். ஆனால் கிளந்தான் முஸ்லிம் குடியானவர், இராமனைத் தொழாமலே அவன் கதையைத் தோற்பாவைக் கூத்தாய்த் தலைமுறை தலைமுறையாக ஆடினரே. கதையைக் கதையாய் வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

2009 ஆம் ஆண்டில் தோட்டம் வீட்டுமனைக்குப் போயிற்று. கிள்ளானில் அடுக்கு வீடு கிடைத்தது. பெட்டி வைக்க இடமில்லை என்று சொன்னோம். உள்ளபடி இடம் இருந்தது. ஒலிபெருக்கியில் சூராட் காபார் லாமா என்று கூவிக்கொண்டு வந்த பழைய காகித லாரியை நிறுத்தி, நூல்களை நாமே தராசில் ஏற்றினோம். இரண்டு வெள்ளி நாற்பது காசு கிடைத்தது. பாட்டனார் சன்னலோரம் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, கெடாவின் பூசாங் பள்ளத்தாக்கில் பழஞ்சண்டி ஒன்றை வீட்டுமனை போடுவோர் இடித்துத் தள்ளிய செய்தி 2013 இன் இறுதியில் பத்திரிகைகளில் வந்தது. குவாரிட்ச் வேல்ஸ் என்பார் 1930களில் அகழ்ந்து உலகுக்குக் காட்டிய அப்பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டு நின்ற செங்கல்லும் கல்லும் மண்வாரி இயந்திரத்தின் ஒரு பகல் வேலைக்கு இரையாயின. நாம் கொதித்துப்போய், பாட்டனாருக்குச் செய்தியை உரக்க வாசித்து, அறிவிலிகள் என்றும் மரபறியாதவர் என்றும் ஏசினோம். முடியும்வரை கேட்டிருந்த அவர் மெல்லச் சொன்னார்: "ஏன் தம்பி இவ்வளவு கோபம்? நம்ம அல்லி புஸ்தகத்துக் கடைசிப் பக்கத்திலே இருபத்து மூணு பேர் இருந்தாங்க."

பிறகே விவரம் சொன்னார். ஜப்பானியர் காலத்தில், 1943 ஆம் ஆண்டில், சயாம் ரயில்பாதை வேலைக்கென்று தோட்டத்து ஆடவரை லாரியில் ஏற்றினர். அவர் தகப்பனாரும் அதில் ஒருவர். பாட்டனாருக்கு அப்போது பதின்மூன்று வயது. லாரி புறப்படுமுன், போகிறவர் பெயரையெல்லாம் எழுதி வைக்கும்படி தகப்பனார் சொன்னாராம். காகிதம் கிடைக்காத காலம். வீட்டிலிருந்த வெற்றுத்தாள் அல்லி அரசாணி மாலையின் கடைசிப் பக்கம் ஒன்றே. பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று பையன் எழுதினான். கடைசியில் தன் தகப்பனார் பெயர். சயாம் பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழரோடு அவர்களும் போயினர்; திரும்பியவர் இருவர். அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்ததாம்.

"அன்னிக்கே ஏன் சொல்லவில்லை, தாத்தா?" என்று கேட்டோம்.

"நீ படிச்சவன், பார்த்துட்டுத்தான் போடுறேன்னு நினைச்சேன்" என்றார்.

அன்று இரவே காகிதமும் பேனாவுமாக அவரெதிரில் உட்கார்ந்தோம். எண்பத்து மூன்று வயதில், பதினான்கு பெயர்கள் நினைவுக்கு வந்தன. மறுநாள் ஒன்றும் கூடவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

எஞ்சிய ஒன்பது பெயரைத் தேடி, அத்தோட்டத்திலிருந்து சிதறிய குடும்பங்களை வீடு வீடாய்ச் சென்று கேட்டு வருகிறோம். பெரும்பாலோர்க்கு முன்னோர் பெயரே மறந்துபோயிற்று. கிள்ளானில் தொண்ணூறு வயதை எட்டிய அம்மையார் ஒருவர் மட்டும், எதைக் கேட்டாலும் தலையசைத்து, "நினைப்பு வரல்லே, ஐயா" என்றார். அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் பழம் புத்தகக் குவியலொன்றில் அல்லி அரசாணி மாலைப் பிரதி ஒன்று அகப்பட்டது. வாங்கிக் கொண்டுபோய், வேறு எண்ணமின்றி, அவருக்கு வாசித்துக் காட்டினோம். நமக்கு இராகம் வராது. எழுத்தும் சில இடத்தில் தடுக்கும். அவர் கண்ணை மூடிக் கேட்டிருந்தார். பாம்பு வரும் இரவை அடைந்ததும் கையை உயர்த்தி, "அதைத் தள்ளிடு, ஐயா. உங்க தாத்தா அதை வாசிக்கவே மாட்டாரு" என்றார். சற்று நேரம் கழித்து, நாம் ஒன்றும் கேளாமலே, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெண்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். இன்னாள் இன்னாருடைய பெண்சாதி, அவன் சயாமுக்குப் போனவன் என்று. மூன்று பெயர்கள் கிடைத்தன.

ஆறு பாக்கி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார். பவளக்கொடி மாலை கிடைத்தால் கொண்டுவர வேண்டுமாம்.