பற்றுச்சீட்டும் உள்ளிருந்த இரும்பும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளையோ 1,200 மீற்றருக்கும் மேலே. இடைப்பட்ட மலைப்பாதையை மோட்டார் வாகனங்களின் பரீட்சை மண்டபம் எனலாம். சமநிலத்திலே குறையை மறைத்து ஓடும் இயந்திரம், ஹாலிஎலையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் உண்மையை உரைத்துவிடும். எமது பழைய மொரிஸ் மைனர் காரும் அங்கேதான் உரைத்தது.

வேறு கார் வாங்கலாகாதா என்று நேயர்கள் வினவக்கூடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் புதிய காரின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத கனியாகவே உள்ளது. முதிய அன்னையாரை மாதந்தோறும் பதுளை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தமையால், இயந்திரத்தை முழுமையாகப் பிரித்துப் புதுக்கும் பணியை ஒரு கராஜிடம் ஒப்படைத்தோம். இரண்டு மாதச் சம்பளம் அதற்குச் சென்றது.

இப்பணியின் உயிர்நிலை கிராங்க் தண்டாகும். நெடுநாள் ஓடிய தண்டு வட்டம் கெட்டுத் தேய்ந்திருக்கும். அதனை அங்குலத்தின் ஆயிரத்திற் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று அளவாகக் கடைந்து வட்டமாக்குவர். தண்டு சிறுத்த அளவுக்குத் தடித்த பேரிங் பின்பு பொருத்தப்படும். பேரிங்கின் முதுகிலே அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். எமக்குத் தந்த பற்றுச்சீட்டிலே தண்டு கடைந்ததற்கான கூலி தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

நானூறு கிலோமீற்றர் ஓடுமுன் இயந்திரத்தின் அடியிலிருந்து தட்டும் ஓசை எழுந்தது. கராஜ் உரிமையாளரிடம் சென்றோம்.

“ஐயா, ஏற்றத்திலே டொப் கியரில் இழுத்திருப்பீர்கள். புதிதாகக் கட்டிய என்ஜினை அப்படி ஓட்டலாமா?” என்றார்.

அவ்வாறு ஓட்டவில்லை என்றோம். இரண்டாம் முறை, எண்ணெயின் குறை என்றார். மூன்றாம் முறை, சத்தம் போகப் போகச் சரியாகிவிடும் என்றார்.

நீதிமன்றம் செல்லப் பொருளும் காலமும் வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையோ இத்தகைய பிணக்குகளுக்காகவே உள்ளது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, தீர்ப்பும் திணிக்கப்படுவதில்லை. மூன்றாவது பட்டறையொன்றில் இருதரப்பார் முன்னிலையிலும் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதென அச்சபை முன்னிலையில் உடன்பட்டோம்.

குறித்த நாளில் கீழ்த்தட்டைக் கழற்றினர். கராஜிலிருந்து வந்திருந்த தோட்டத்துப் பையன் விளக்கைப் பிடித்தான். அவன் எம்மிடம் கற்றவன். கழற்றிய பேரிங்கைத் துடைத்து, முதுகிலிருந்ததை வாசிக்குமாறு பட்டறைக்காரர் அவனிடமே கொடுத்தார். தன் முதலாளியை ஒருமுறை பார்த்தான். பின்பு, “ஸ்டாண்டர்ட்” என்றான். கடையாத தண்டுக்குரிய அளவு அது. தேய்ந்த தண்டின் மேல் புதிய பேரிங் வைத்து மூடியிருந்தனர். நுண்ணளவுக் கருவியும் அதனையே காட்டியது.

உரிமையாளர் நெடுநேரம் பேசவில்லை. கடைசலுக்கு வெளியே அனுப்பினால் ஒரு வாரம் தாமதமாகும், வேலை குவிந்திருந்தது என்றார். தண்டைக் கடைந்து, உரிய பேரிங்கைத் தம் செலவிலே பொருத்தித் தர உடன்பட்டார். நாம் நட்டஈடு கோருவதை விடுத்தோம். கார் இப்பொழுது ஓசையின்றி ஏறுகிறது. பையனும் அங்கேயே வேலை செய்கிறான். அவனை ஒன்றும் சொல்லக்கூடாதென்று உரிமையாளரிடம் தனியே கேட்டுக்கொண்டோம்.

இயந்திரம் மூடிய பின் உள்ளே நிகழ்ந்ததை வாடிக்கையாளன் காண்பதற்கில்லை. ஆதலால், கடைந்த அளவையும் பேரிங்கின் அளவையும் பற்றுச்சீட்டிலே எழுதுவிப்பதும், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுவதும் நன்று. நேர்மையான தொழிலாளி இதனை அவமதிப்பாகக் கொள்ளமாட்டார். அவருடைய கைத்திறனுக்கு அதுவே சான்றாகும்.

எம் பணம் திரும்பியதைவிட வேறொன்றே எமக்குப் பெரிதாகப்படுகிறது. மலையகத்துப் பிள்ளைகள் பலர் தேயிலைக் கூடையை விடுத்துத் தொழில் கற்கக் கராஜ்களுக்கு வருகின்றனர். செய்யாத வேலைக்குச் சீட்டெழுதும் இடத்தில், அவர்கள் தொழிலோடு அதனையும் கற்பர். உள்ளதை உள்ளபடி வாசித்த அம்மாணவனின் குரல் அன்று சற்றே நடுங்கியது, ஆயினும் வாசித்தான்.