உட்காரும் இடம்

சிம்மாசனத்துக்காக நடந்த சண்டைகளைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் மூட்டை மூட்டையாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஸைக்கிள் ஆசனத்தின் மீது அமர்ந்து தினந்தோறும் நடத்தப்படும் சண்டையைப் பற்றியோ அதிகமாகப் பேசுவாரில்லை. இதற்குக் காரணம் நமது நாகரிகம். தலைவலி என்று சொன்னால் கேட்பவர்களே தைலத்தை எடுத்து நீட்டுவார்கள். பல்வலி என்றால் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்லுவார்கள். உட்காரும் இடத்தில் வலி என்று யாரிடம் போய்ச் சொல்லுவது? ஆகையால், வலி கண்டவர்கள் ஸைக்கிளைத் திண்ணையோரம் சாத்திவிட்டு, "வயதாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். வயதின் தலையில் சுமத்தப்படும் பழிகளில் ஒரு பாதி, உண்மையில் ஸீட்டின் தலையில் சுமத்த வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

என் தமக்கை புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கிராமத்தில் வசிக்கிறாள். 1991-ஆம் வருஷத்தில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்ததை நேயர்கள் அறிந்திருக்கலாம். அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு ஸைக்கிள் சவாரியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அவ்வருஷங்களில் ஸைக்கிள் ஏறினார்கள். அவர்களில் என் தமக்கையும் ஒருத்தி. அது முதல் தையல் வேலை செய்து, தைத்த துணிகளைத் தானே ஐந்து கிலோமீட்டர் ஸைக்கிளில் எடுத்துச் சென்று கொடுத்து வருகிறாள். பஸ்ஸுக்குக் காத்து நின்றதில்லை. தம்பியையோ பிள்ளையையோ கொண்டுவிடச் சொன்னதுமில்லை. இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது.

சென்ற வருஷம் நான் அங்கே போயிருந்தபோது ஸைக்கிளில் தூசி படிந்திருந்தது. "என்ன அக்கா, வண்டிக்கு ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன். "வண்டிக்கு ஒன்றுமில்லை, தம்பி. எனக்குத்தான் வயதாகிவிட்டது" என்றாள். நான் விடவில்லை. வைத்தியரிடம் அழைத்துப் போவதாகச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளிவந்தது. இரண்டு வருஷமாக ஸீட்டில் உட்கார்ந்தால் வலி. சில நாட்களில் மரத்துப் போய்விடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பஞ்சு உறை வாங்கி மாட்டினாளாம், வலி அதிகமாயிற்றாம்.

பஞ்சு வைத்தால் வலி அதிகமாவானேன்? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் அமைந்திருக்கின்றன. பந்தயக்காரர் முன்பக்கம் குனிந்து ஓட்டுகிறார். அவருடைய பாரத்தில் ஒரு பகுதியைக் கைகள் ஏற்றுக்கொள்கின்றன. கால்கள் பெடலை அழுத்தமாக மிதிப்பதில் இன்னொரு பகுதி கழிந்துவிடுகிறது. அவருக்குக் கத்தி போன்ற ஒடுங்கிய ஸீட்டே போதும். என் தமக்கையைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவையும் வயலையும் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கோ பெரும்பாலான பாரம் நேரே பின்பக்கத்தில் இறங்குகிறது. அந்த இரண்டு எலும்புகளும் ஊன்றி நிற்க அகலமான இடம் வேண்டும். ஸீட் ஒடுங்கியிருந்தால் எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய சதை பாரத்தைச் சுமக்க நேரிடுகிறது. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. மரத்துப் போவது அதனால்தான்.

மிருதுவான பஞ்சு இதற்கு மருந்து போல் தோன்றும். ஆனால் உட்கார்ந்த சிறிது நேரத்தில் எலும்புகள் பஞ்சுக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. அமுங்கிய பஞ்சு நடுவிலே மேடிட்டு, எங்கே அழுத்தம் கூடாதோ அங்கேயே அழுத்துகிறது. கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து ஸீட் வாங்குவது, சட்டையைத் தடவிப் பார்த்து மாப்பிள்ளை நிச்சயிப்பது போலத்தான்.

இந்தத் துன்பம் ஸைக்கிளோடு கூடப் பிறந்தது. 1817-ல் ஜெர்மனியில் டிரைஸ் என்ற பிரபு, காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டியைச் செய்தார். 1860-களில் பாரிஸிலிருந்து வந்த பெடல் வண்டிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் "எலும்புக் குலுக்கி" என்பது. பர்மிங்ஹாமில் தோல் சாமான்கள் செய்துவந்த ஜான் புரூக்ஸ் என்பவருடைய குதிரை 1878-ல் இறந்துபோயிற்றென்றும், இரவல் ஸைக்கிளில் ஏறிய அவர் ஆசனத்தின் கொடுமை தாளாமல் தாமே ஒன்று செய்ய முனைந்தாரென்றும் சொல்வார்கள். 1882-ல் அவர் தோல் ஆசனத்துக்குப் பேடன்ட் கோரினார். இரும்புச் சட்டத்தில் கயிற்றுக் கட்டில் போல் தோலை இழுத்துக் கட்டுவது அதன் தத்துவம். நாளாக ஆக, உட்காருகிறவருடைய எலும்புகளுக்கு ஏற்றபடி தோல் குழிந்து கொடுக்கும். 1888-ல் டன்லப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான் எலும்புகளுக்கு உண்மையான விமோசனம் பிறந்தது.

சரித்திரம் கிடக்கட்டும், தமக்கைக்கு ஸீட் தேட வேண்டுமே! முதலில் அளவு எடுத்தோம். இதற்குத் தையற்காரியான அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியது அதிகமில்லை. தபாலில் சாமான் வரும் நெளிவு அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, முக்காலியின் மேல் போட்டு, முழங்கால் சற்று உயரும்படி அதன் மேல் உட்காரச் சொன்னேன். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள். ஒன்றின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்கு அவளுடைய நாடாவால் அளந்தோம்: பதின்மூன்று சென்டிமீட்டர். நிமிர்ந்து ஓட்டுகிறவர்கள் இதற்கு மேல் நாலு சென்டிமீட்டராவது கூட்டிக்கொள்வது நல்லது. ஓரங்கள் வளைந்து சரிவதால், மொத்த அகலம் இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத ஸீட்டே தேவை என்று தீர்மானித்தோம். அவளுடைய பழைய ஸீட்டோ பதினைந்துதான் இருந்தது.

டவுனில் ஒரு கடைக்காரர் தலையணை போன்ற ஒரு ஸீட்டை எடுத்து வைத்து, "பெரியம்மாவுக்கு இதுதான் லாயக்கு" என்றார். பெரியம்மா அதை ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது படுப்பதற்கு, நான் ஓட்டப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். தோல் ஸீட்டின் விலை எங்களுக்கு எட்டவில்லை. மேலும் தோல், மழையில் நனையக் கூடாத ஜாதி. கடைசியில், ரெக்ஸின் போர்த்தி, உள்ளே கெட்டியான பஞ்சு வைத்து, பின்னால் இரண்டு சுருள் வில் பூட்டிய அகல ஸீட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வில் அலங்காரத்துக்கு அல்ல. குனிந்து ஓட்டுகிறவர் பள்ளம் வரும்போது சுலபமாக எழும்பிக் கொடுப்பார். நிமிர்ந்திருப்பவருக்கோ அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பில் ஏறுகிறது. மூக்கு குட்டையாக இருந்ததால் புடைவை மாட்டிக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

நல்ல ஸீட்டையும் தவறாகப் பூட்டினால் பயனில்லை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதில் பட்டு, கால் நீட்டியபடி நிற்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மெல்லிய இடத்தில் குத்தும். கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, மணிக்கட்டு வலிக்கும். ஆகவே மட்டமாக வைத்துப் பூட்டி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு துளித்துளியாகத் திருத்திக்கொள்ள வேண்டும். புது ஸீட்டில் முதல் சில நாள் எலும்பு முனைகளில் சற்று வலிப்பது சகஜம். மரத்துப் போவது சகஜமல்ல. எல்லாம் சரி செய்தும் அது நீங்காவிட்டால் கூச்சத்தை விட்டு வைத்தியரைப் பார்ப்பதே முறை.

மூன்றாவது வாரம் தமக்கை டெலிபோனில் பேசினாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீபாவளிக்குப் பதினெட்டு ரவிக்கை ஒப்புக்கொண்டிருப்பதாகவும், எல்லாவற்றையும் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் வந்து, அந்த ஸீட் எந்தக் கடையில் என்று இரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களும் என்னோடு கற்றுக்கொண்டவர்கள்தான்" என்றாள்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் தூசி படிந்த ஸைக்கிள் ஒன்று சாத்தியிருக்கலாம். அதை விற்று விடுவதற்கு முன்னால், ஓட்டியவரிடம் வயதைப் பற்றிப் பேசாமல் ஸீட்டைப் பற்றி மெதுவாக விசாரித்துப் பாருங்கள். கையோடு ஓர் அட்டைத் துண்டையும் எடுத்துப் போவது உத்தமம்.