மெழுகுச் சுருளுக்குள் தேடும் கிருமி

மெல்லிய படலமாக வெட்டும் மைக்ரோடோமின் கைப்பிடியை ஆய்வக அக்கா ஒருவர் சுற்றச் சுற்ற, சதையைப் பொதித்த மெழுகுக் கட்டியிலிருந்து இழைப்புளிச் சீவல் போலச் சுருண்டு வந்தது ஒரு படலம். கனம் வெறும் 5 மைக்ரான். வழக்கமாக இதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துவார்கள். அன்று அப்படிச் செய்யவில்லை. டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கிருமியைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்காக, இடுக்கியால் எடுத்து நேரே சிறு குழாய்க்குள் போட்டார்.

"தண்ணில விட்டா முன்னாடி வெட்டுன பிளாக்கோட துணுக்கு ஒட்டிக்கும் சார். பி.சி.ஆருக்கு அது போதும், இல்லாத டி.பி.யை இருக்குன்னு காட்டிடும்."

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் திசு ஆய்வகம் அது. கழுத்தில் நெறி கட்டியவர்கள், குடலில் புண் கண்டவர்கள், முதுகெலும்பு அரித்தவர்கள் ஆகியோரிடமிருந்து காசநோய்ச் சந்தேகத்தில் எடுத்த சதைத் துண்டுகள் மெழுகுக் கட்டிகளாக அடுக்கியிருந்தன. இவர்களில் பலருக்குச் சளிப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. சதையை ஃபார்மலினில் போட்டதும் கிருமி செத்துவிடுவதால் வளர்த்துப் பார்க்கவும் வழியில்லை. தேடக் கிடைப்பது பெரும்பாலும் அதன் டி.என்.ஏ.தான். ஃபார்மலின் அதையும் விடுவதில்லை. துண்டுதுண்டாக்கிப் புரதத்தோடு பிணைத்துவிடுகிறது.

அக்கா ஒவ்வொரு கட்டிக்கும் புது பிளேடு மாற்றினார். பிளேடு பொருத்துமிடத்தைச் சைலீன் தொட்டுத் துடைத்தார். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே சதையே இல்லாத வெறும் மெழுகுக் கட்டி ஒன்றையும் வெட்டினார். அதுவும் எல்லாப் படிகளையும் கடந்து போகும். அதில் கிருமி இருப்பதாக முடிவு வந்தால், கூடப் போன அத்தனை முடிவுகளும் செல்லாது. பி.சி.ஆர். கருவியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். இந்தப் பரிசோதனை நிற்பது இந்தக் கையின் ஒழுங்கில்தான் என்பேன்.

பிறகு மெழுகைக் கரைத்து, ஆல்கஹாலில் கழுவி, புரதத்தைச் சிதைக்கும் நொதியில் இரவு முழுக்க ஊறவைக்கிறார்கள். சிதைந்த டி.என்.ஏ.வில் நீளமான பகுதியைத் தேடினால் கிடைக்காது. அதனால் ஐ.எஸ். 6110 என்ற மரபுத் தொடரில் 123 எழுத்து நீளமுள்ள சிறு பகுதியைத் தேடுவது வழக்கம். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று வருகிறது. உலகின் பல பகுதிகளில் பரவும் கிருமிகளில் இந்தத் தொடர் பல பிரதிகளாக இருக்கும். தமிழ்நாட்டுக் கிருமிகள் பலவற்றில் ஒன்றே ஒன்றுதான். சிலவற்றில் அதுவும் இல்லை. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தார் 1990களிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு தொடரை மட்டும் நம்பிப் பார்க்கும் ஆய்வகம் நம்மவர்களில் சிலரைத் தவறவிடும். அதனால் இங்கே இன்னொரு மரபணுவையும் சேர்த்துத் தேடுகிறார்கள். அப்படியும் 'நெகட்டிவ்' என்று வந்தால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய்ச் சந்தேகத்தில் சதை எடுக்கப் போகிறார்கள் என்றால், ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல், கிருமிநீக்கிய உப்புநீரில் தனியாக அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் துண்டில் கிருமியை வளர்க்கலாம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் பார்க்கலாம். அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.