அவனுக்கு எது பிடிக்கும்

தம்பியைக் கலை வகுப்பில் சேர்த்ததற்குக் காரணம் கலை இல்லை. அம்மா போனபின் அவன் என் பொறுப்புக்கு வந்தான். நான் வேலைக்குப் போக வேண்டும். அவனைத் தனியே விட முடியாது. வாரத்தில் இரண்டு காலை யாராவது அவனைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் மூச்சு விடலாம் என்றிருந்தது. பத்துமலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஓ.கே.யூ. (உடற்குறையுடையோர்) கார்டு உள்ள பெரியவர்களுக்கு ஓவியம், பாத்திக், மேளம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்று கோவிலில் பழகிய ஓர் அக்கா சொன்னார். நேரே போய், கழிவறைக் கதவு அகலமா, மதியம் சாப்பாடு உண்டா, நெஞ்சு படபடத்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். நடத்துகிற அண்ணன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "அவருக்கு என்ன பிடிக்கும், அக்கா?" என்றார்.

கோழி ரெண்டாங், வெல்லம் போட்ட பொங்கல் என்று சொன்னேன். அவர் சாப்பாட்டைக் கேட்கவில்லை என்று புரிந்தது. வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தம்பி 1983-இல் ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தான். டவுன் சிண்ட்ரோம். அந்த ஆண்டில் அமெரிக்காவிலேயே இப்படிப் பிறந்தவர்களின் ஆயுள் சராசரியாக 25 வயதுதான். இன்று அது 60-ஐத் தொட்டிருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே இதயத்துக்கு அறுவை செய்ய முடிவது அதற்குப் பெரிய காரணம். ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த என் அப்பா அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பிள்ளை தங்காது என்று யாரோ சொன்னது மட்டும் தெரியும். அவனுக்கு நாற்பது வயதாகும் என்று எங்கள் வீட்டில் யாரும் திட்டம் போடவில்லை. அம்மா வருடா வருடம் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தார். அடுத்த தைப்பூசத்துக்கும் அவன் இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். அதற்கு மேல் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

அவன் பிறந்த மறு ஆண்டு, 1984-இல், திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் நாட்டின் முதல் பி.டி.கே. (சமூக மறுவாழ்வு) நிலையம் தொடங்கியது. ஊர்மக்களும் சமூகநல இலாகாவும் சேர்ந்து நடத்தும் அந்த நிலையங்கள் இன்று நாடெங்கும் ஐந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எத்தனையோ குடும்பங்கள் அவற்றால் தலைநிமிர்ந்தன. ஆனால் பள்ளிக்கூடத்தில் சிறப்புக் கல்வி வகுப்பு முடிந்து பத்தொன்பது இருபது வயதில் வெளியே வருகிற பிள்ளைக்கு அடுத்து என்ன என்பது இன்னமும் பெரிய கேள்வி. நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் மீசை முளைத்த என் தம்பி கையில் வாத்துப் படம் போட்ட வண்ணப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டினால் கை தட்டினார்கள். பிறகு இருபது வருடம் அவன் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டான், மாத்திரை போட்டான், தூங்கினான். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம்.

கலைக்கூடத்தில் ஆண்டு தைப்பூசத்தோடு தொடங்கியது. திருவிழா நாளில் பத்துமலைக்குப் போவது இவர்களில் பலருக்கு ஆகாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்தக் கூட்டமும் ஒலிபெருக்கியும் தாங்காது. சக்கர நாற்காலி அந்த நெரிசலில் நகராது. அதனால் இரண்டு வாரம் முன்னதாகவே, கூட்டமில்லாத ஒரு காலையில், வேனில் அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். 2018-இல் வர்ணம் பூசிய 272 படிகளையும் 140 அடி முருகனையும் கீழே இருந்தே பார்த்தோம். வேனில் வந்தவர்களில் படியேறக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். தம்பியின் இதயம் ஏறவிடாது. பாத்திக் சொல்லித்தரும் மலாய் அம்மாவை எல்லோரும் 'சிக்கு' (மலாயில் ஆசிரியர்) என்றே கூப்பிடுவார்கள். அவர் ஆளுக்கொரு நீளத் தாள் கொடுத்து, "எது வேணுமோ அதை வரையுங்கள்" என்றார். படிகளை வரைந்தவர்கள் உண்டு, குரங்கு வரைந்தவர்கள் உண்டு. பெருமூளை வாதம் உள்ள ஒரு சீனச் சகோதரி தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டு புறாக்களை மட்டும் வரைந்தார். தாள் முழுக்க அவை பறந்தன.

தம்பி எதையும் வரையவில்லை. அவனை அடிவாரத்திலேயே இருக்கும் ராமாயணக் குகைக்குள் கூட்டிப்போனோம். உள்ளே கும்பகர்ணன் படுத்திருக்கிறான், மலைபோல. சுற்றிலும் ஆட்கள் அவனை எழுப்பப் பாடுபடுகிறார்கள். தம்பி அங்கே நின்றவன் நகரவே இல்லை. அவன் வாய்விட்டுச் சிரித்ததை வெகுகாலம் கழித்து அன்றுதான் கேட்டேன். வெளியே வந்து தாளை விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு பெரிய உருவத்தைப் படுக்க வைத்தான்.

எனக்கு முருகன் படம் வேண்டியிருந்தது, அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட. "வேலும் மயிலும் வரைடா கண்ணு" என்று ஆசையாகச் சொன்னேன். அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சீனப் பெருநாள் விளக்குகளும் நோன்புப் பெருநாள் அட்டைகளும் வந்து போயின. பிறகு பாத்திக் தொடங்கியது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பியை எனக்குக் காட்டிக் கொடுத்தது அந்த மெழுகுதான். மரச்சட்டத்தில் வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். தேன்மெழுகும் பாரஃபினும் டாமார் பிசினும் கலந்து அடுப்பில் உருக்குகிறார்கள். அதைக் கைப்பிடியும் சின்னச் செம்புக் கிண்ணமும் குழல் மூக்கும் உள்ள 'சாந்திங்'கில் மொண்டு துணிமேல் கோடு இழுக்க வேண்டும். கை நின்றால் மெழுகு சொட்டிவிடும். வேகமாக இழுத்தால் கோடு அறுந்துவிடும். கோடு காய்ந்ததும் உள்ளே சாயத்தைத் தூரிகையால் தொட்டு வைத்தால் அது தானே பரவி, மெழுகு வரப்பு வரை போய் நிற்கும். வரப்பில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் போதும், சாயம் அடுத்த கட்டத்துக்குள் கசிந்துவிடும். கடைசியில் சோடியம் சிலிகேட் பூசி ஊற வைத்து, சாயம் பிடித்ததும் அலசி, கொதிக்கும் நீரில் போட்டு மெழுகை உருக்கி எடுக்கிறார்கள்.

நடுங்கும் கைகளுக்குத் தகர அச்சு இருந்தது. தம்பி சாந்திங்தான் வேண்டும் என்று நின்றான். கொதிக்கும் மெழுகை அவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிக்கு அவனுக்கு நீளக் கையுறை மாட்டி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்; அவன் கையை மட்டும் பிடிக்கவில்லை. அந்த அம்மாவின் வழக்கம் அதுதான். எதிரில் உட்கார்ந்து தன் துணியில் தான் செய்வார். பார்த்துச் செய்கிறவர்கள் செய்யலாம்.

தம்பி படுத்திருக்கும் பெரிய உருவத்தையே மறுபடி வரைந்தான். வயிற்றுப் பக்கம் கோடு விட்டுப் போயிருந்தது. சிக்கு அதை மெழுகால் அடைத்துக் கொடுத்தார். அடுத்த துணியிலும் அதே வயிற்றில் அதே இடைவெளி. சிக்கு மறுபடி சாந்திங்கை எடுத்தபோது, அவன் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மறைத்து, "சிக்கு, தாக் நாக்" என்றான். வேண்டாமாம். பிறகு சிவப்புச் சாயத்தை எடுத்து வயிற்றில் வைத்தான். அது பரவி, வாசல் கண்டு வெளியே வந்து, சுற்றியிருந்த நீலத்தில் கலந்தது. கலந்த இடத்தில் மங்குஸ்தான் தோல் நிறத்தில் ஒரு திட்டு விரிந்துகொண்டே போனது. அது நிற்கும் வரை துணிக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்து முடித்துவிட்டு சிக்குவை நிமிர்ந்து பார்த்தான். அவர் தலையாட்டினார். இரண்டு ஓவியர்கள் பேசிக்கொண்டது அது. அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை என்று தெரிந்தது. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அவனுக்கு அடைத்த கோடு பிடிக்காது. சாயம் ஓடுவது பிடிக்கும். நாற்பது வருடம் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த எனக்கு இது தெரியாது, ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளும்படியான ஒரு பொருளை நாங்கள் அவன் கையில் கொடுத்ததே இல்லை. வாத்துப் புத்தகத்தில் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை.

நடத்துகிற அண்ணன் எனக்கு ஜூடித் ஸ்காட்டைப் பற்றிச் சொன்னது இந்த நாட்களில்தான். 1943-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்த இரட்டையரில் ஒருவர். டவுன் சிண்ட்ரோம், காதும் கேளாது, அதையும் பல ஆண்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழு வயதில் விடுதியில் விட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டு அங்கேயே கழிந்தது. கூடப் பிறந்த ஜாய்ஸ் சட்டப்படி பொறுப்பு வாங்கி, கலிபோர்னியாவுக்குக் கூட்டிவந்து, 1987-இல் ஓக்லாந்தில் கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடத்தில் சேர்த்தார். 1974-இல் ஒரு தம்பதியர் இப்படிப்பட்ட பெரியவர்களுக்கென்றே தொடங்கிய இடம் அது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஜூடித்துக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. தூரிகையைத் தொட்டார், வைத்தார். ஒரு நூல் கலைஞர் வந்து வகுப்பு எடுத்தபோது நூலைக் கையில் எடுத்தவர், 2005-இல் இறக்கும்வரை கீழே வைக்கவில்லை. கிடைத்த பொருளையெல்லாம் நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெரிய உருவங்களாக்கினார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

புகழ் என்னைத் தொடவில்லை. அந்த இரண்டு ஆண்டுதான் தொட்டது. ஒன்றும் செய்யாமல் இருந்த காலமெல்லாம் அவருக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்திருக்கிறது. நாம் நம் பிள்ளைகளுக்கு மூன்று மாதம்கூடக் கொடுப்பதில்லை. "இவனுக்கு வராது" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறோம்.

தீபாவளிக்கு முன் ஒரு சமூக மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். வாசலில் சாயம் கலந்த அரிசியில் பெரிய கோலம். பேரங்காடிகளில் போடுவதைப் போல மயிலும் தாமரையுமாக இல்லை. ஆளுக்கொரு கட்டம், அவரவர் நிறம். தம்பியின் கட்டத்தில் வழக்கம்போல் அரிசி பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைந்திருந்தது. பக்கத்துக் கட்டக்காரர் கோபித்துக்கொண்டார். அதுவும் சரிதான், தன் கட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கும் ஓர் எண்ணம் உண்டல்லவா?

தம்பியின் துணிகள் இரண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு தம்பதியர் கும்பகர்ணன் துணியை விலைக்குக் கேட்டார்கள். நல்ல விலை. அவர்கள் பேச்சில் பரிதாபம் இல்லை. அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தான் என்றுதான் கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பூரித்தது, கொடுத்துவிடலாம் என்று தலையாட்டப் போனேன். அண்ணன் என்னைக் கேட்கவில்லை. தம்பி முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் பணத்தாள்களையும் மறுகையில் துணியின் படத்தையும் காட்டி, கொடுக்கலாமா என்று கேட்டார். தம்பி நிதானமாகப் பார்த்தான். "தாக் நாக்." இன்னொரு துணியைக் காட்டினார்கள். அதற்குச் சரி என்றான். வந்த பணத்தை அவன் பெயரிலேயே வங்கியில் போட நான் பட்ட பாடு வேறு கதை. கவுண்டரில் இருந்தவர் கடைசிவரை அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் நாட்டில் 2008-இல் வந்த உடற்குறையுடையோர் சட்டம், கலாசார வாழ்வில் பங்கெடுக்கும் உரிமையையும் எழுதி வைத்திருக்கிறது. 2010-இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையும், இவர்களின் படைப்புத் திறன் வளர வழி செய்ய வேண்டும், அது அவர்களுக்காக மட்டுமல்ல, சமுதாயத்தின் வளத்துக்காகவும் என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் இதற்கு வேண்டியவை சாதாரணமானவை: படியில்லாத ஒரு கீழ்த்தளம், சக்கர நாற்காலி ஏறும் ஒரு வேன், சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஒரு நல்ல கலைஞர். தொண்டாக வந்து போகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆளின் கைப்பழக்கத்தைப் புரிந்துகொள்ள மாதங்கள் ஆகின்றன. சிக்கு அடுத்த வாரமும் வந்தால்தான் அது நடக்கும். பத்துமலையிலிருந்து கிள்ளான் வரை எத்தனை சங்கங்கள், எத்தனை கோவில் மண்டபங்கள் வார நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன! தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற கைகளால் இது முடியாதா?

எனக்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதுக்கு மேல் மறதி நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட மிக அதிகம். அவர்களிடம் கூடுதலாக இருக்கும் 21-ஆவது குரோமோசோமிலேயே அந்த நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு இருக்கிறது. தம்பிக்கு வரலாம், வராமலும் போகலாம். நானும் எப்போதும் இருக்கப்போவதில்லை. அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். மாத்திரைப் பெயர்களும் ஆஸ்பத்திரி அட்டை எண்ணும் முதல் பக்கத்தோடு முடிந்துவிட்டன. மற்ற பக்கங்களில் அவனுடைய விருப்பங்கள். சிவப்பும் நீலமும் கலக்கும் இடம். கும்பகர்ணன். உறுமி மேளம், அதுவும் தோலை வளைகுச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல். வீணை பிடிக்காது, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போனபோது பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். எனக்குப் பின் அவனுக்குச் சோறு போடுகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு பாத்திக்கைத் தொடர்வான் என்று நினைத்தேன். சிக்குவும் அவனுக்கென்று பெரிய சட்டம் ஒன்று அடித்து வைத்திருந்தார். வகுப்புகளின் படங்களை மேசையில் பரப்பியதும் அவன் உறுமிமேல் விரலை வைத்தான். சிக்குவின் முகம் வாடியது, ஆனாலும் அவரே அவன் பெயரை அந்தப் பட்டியலில் எழுதினார். உறுமி வகுப்பு சனிக்கிழமை. சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கிறது. வேலையிடத்தில் ஒரு தோழியிடம் மாற்றிக் கேட்டிருக்கிறேன். அவள் ஞாயிறு என்னைச் செய்யச் சொல்கிறாள், செய்யலாம் என்றுதான் இருக்கிறேன்.