குருதியில் மூளும் அழல்

‘லஹப்’ என்றால் தீச்சுடர் என மாணாக்கருக்கு ஓதிக்கொடுக்கிறோம். அதனோடு ஒரே வேரில் பிறந்த ‘இல்திஹாப்’ என்பதே மருத்துவ அரபியில் அழற்சி. தமிழிலும் அழல் என்பது நெருப்புத்தானே! இரு மொழியும் ஒன்றையே கண்டது நமக்கு வியப்பளிக்கிறது.

கொழுப்பின் அளவு சரியென்று தாளைக் காட்டியவரே மாரடைப்பில் மௌத்தானதை நம் லால்பேட்டை கண்டிருக்கிறது. இதயக் குழாயில் கொழுப்புப் படிவதோடு கேடு நின்றுவிடுவதில்லை. படிந்த இடம் அழன்று கிழியும்போது குருதி உறைந்து வழியடைக்கிறது.

அழற்சியின்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம், 1930இல் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் அறியப்பட்டது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர், நீரிழிவுடையோரிடமும் இதய நோயாளரிடமும் அது மிகுந்திருக்கக் கண்டு 2005இல் வெளியிட்டனர். சர்க்கரை நோய் மலிந்துவிட்ட இக்காலத்தில் இதைக் கேட்டும் வாளாவிருக்கலாமா? லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் அபாயம் குறைவு. 3க்கு மேற்பட்டால் அதிகம். ஆயினும் சாதாரணக் காய்ச்சலும் இதனை ஏற்றிவிடும். காய்ச்சல் தணிந்து சில வாரம் சென்றபின் மறுமுறை சோதிப்பதே முறை.

இவ்வழலைத் தணிக்கக் கோல்சிசின் உதவும் என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. நாட்பட்ட இதய நோயாளரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன மொத்தத்தில் 31 விழுக்காடு குறைந்தன. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த 2024ஆம் ஆண்டு ஆய்விலோ பயன் காணவில்லை. யூனானி ஹகீம்கள் மூட்டு நோய்க்குக் கையாண்ட சூரிஞ்சான் கிழங்கிலும், நம் செங்காந்தள் கிழங்கிலும் இருப்பது இப்பொருளே. செங்காந்தள் கிழங்கைத் தின்று மாண்டோர் உண்டு. மருத்துவர் அளந்து கொடுப்பதோ நாளொன்றுக்கு அரை மில்லிகிராம்.